மாப்பிள்ளை அழைப்புக்குப் போட்ட லைட்டு

பஸ்ஸுல வர்றதைப் பாத்து என்னைக் காரில்லாதவன்னு நெனச்சுப்போடாதீங்க. சொந்தமாவே காரு இருக்குதுங்க. காங்கயத்துல எறங்கி, மோட்டாருக்குக் காயில் கட்டுற தெய்வசிகாமணி ஊடு எதுன்னு கேட்டுப் பாருங்க, வெள்ளைக் காரு நிக்குமே அந்த ஊடான்னு திருப்பிக் கேப்பாங்க. நிக்கறது நெசந்தானுங்க. பத்து மாசமா நின்ன எடத்துலயே நிக்குது. டேஷ்போர்டைக் கழட்டிப் பின்சீட்டுல படுக்க வெச்சிருக்கேன். ஏன்னு கேட்டா அது ஒரு கதைங்க. தாராபுரம் போறதுக்குள்ள சொல்லி முடிச்சரலாம்.

முதல்லயே ஒண்ணு சொல்லிப்போடறேன். எனக்குப் பொறாமைங்கறதே கெடையாது. அடுத்தவன் சோத்துல என்ன கொழம்பு ஊத்தியிருக்கான்னு எட்டிப் பாக்கற ஆளே நான் இல்லைங்க. என் ஊட்டுக்காரி தங்கமணி மட்டும் உங்களுக்கு வயித்தெரிச்சல், வயித்தெரிச்சல்னு சொல்லிக்கிட்டே திரியறா. அவளுக்கு ரெண்டு தங்கச்சிங்க. நடுவுலவ சாந்தாமணி. அவளைக் கட்டுன என் சகலை பேரு கனகசபாபதி. திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கான். கடைக்குட்டி கௌசல்யா. அவளுக்குத்தான் இன்னைக்குத் தாராபுரத்துல வளைகாப்பு. அங்கதான் போய்ட்டு இருக்கேன்.

சகலை போன வருசம் புதுக் காரு எடுத்தானுங்க. எடுக்கட்டும், யாரு வேண்டாம்னா. எடுத்தவன் கோயில்ல பூசையைப் போட்ட கையோட அவன் ஊட்டுக்குப் போக வேண்டியதுதானே? நேரா என் ஊட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்தறான். "அண்ணா, நீங்கதான் மொதல்ல உக்காரோணும்"ங்கறான். நான் அவனுக்கு நாலு வயசு மூப்பு, அதனால அண்ணான்னுதான் கூப்புடுவான். கூப்பிடறதெல்லாம் மரியாதையாத்தான் இருக்கும். உள்ளுக்குள்ள என்ன இருக்குதுன்னு எனக்கில்ல தெரியும்.

உக்காந்தனுங்க. கதவைச் சாத்துனதும் உள்ளுக்குள்ள நரம்பு மாதிரி ஒரு வெளிச்சம் ஓடுது. டேஷ்போர்டு நெடுக, கதவுப் பலகை நெடுக, கால் வெக்கற எடத்துல, எல்லாம் நீலமா. பட்டனைத் தட்டுனா ஊதா, மறுக்காத் தட்டுனா ரோஸு. அறுவத்துநாலு கலராம். கம்பெனிலயே போட்டு வருதாம். அறுவத்துநாலு கலரை வெச்சுக்கிட்டு மனுசன் என்னங்க பண்றது, ஆனை மேய்க்கறதா? பின்னாடி உக்காந்த தங்கமணி, "ஏனுங்க, ஐஸ்கிரீம் கடைக்குள்ள உக்காந்த மாதிரி குளுகுளுன்னு இருக்குதுங்க"ன்னா. கலியாணமாகிப் பதினாறு வருசத்துல என் வண்டில உக்காந்து அப்படி ஒரு வார்த்தை அவ சொன்னதில்லை. எறங்கச் சொன்னா எறங்க மனசே இல்லை அவளுக்கு. எம் பொண்ணு மித்ரா ஆறாவது படிக்கறா, அவ கேக்கறா, "அப்பா, நம்ம வண்டில மட்டும் ஏம்ப்பா இருட்டா இருக்குது?"

நம்ம வண்டில இருட்டெல்லாம் இல்லைங்க. கூரைல ஒரு லைட்டு இருக்குது. ரெண்டு தட்டுத் தட்டுனா எரியும்.

அந்த நேரம் பாத்துத்தான் கௌசல்யாவுக்கு மாப்பிள்ளை அமைஞ்சுது. தாராபுரத்துப் பையன், நவீன்னு பேரு, பேங்க்ல வேலை. எங்க மாமனார் ஊட்டுல ஒரு பழக்கம் உண்டுங்க. கலியாணத்துக்கு மொத நாள் பொழுது சாயறப்ப, பிள்ளையார் கோயில்லருந்து மண்டபத்துக்கு மாப்பிள்ளையை மேளதாளத்தோட அழைச்சுட்டு வருவாங்க இல்லீங்களா, அந்த வண்டி பெரிய மருமகனோட வண்டியாத்தான் இருக்கோணும், அவந்தான் ஓட்டோணும். பெரிய மருமகன் யாரு? நான். சாந்தாமணி கலியாணத்துல இதே கனகசபாபதியை மாலையும் கழுத்துமா பின்சீட்டுல உக்கார வெச்சு ஓட்டிட்டு வந்தவன் நாந்தானுங்க. அன்னைக்கு இவனுக்கு ஒரு மொபெட்டுதான் இருந்துச்சு.

கலியாணப் பேச்சுக்கு எல்லாரும் கூடி உக்காந்திருந்தோம். எங்க மாமனார் பொன்னுசாமி நல்ல மனுசன், ஆனா அந்த வாய் இருக்குதே. "சின்ன மாப்பிள்ளை வண்டி புதுசா இருக்குது, உள்ள லைட்டெல்லாம் எரியுது, வீடியோவுல நல்லா விழும். இந்தத் தடவை அதுலயே அழைச்சரலாமா?"ன்னாரு. பதினாறு வருசமா அந்த ஊட்டுல எனக்குன்னு இருந்தது அந்த ஒரு மரியாதைதானுங்க. பணத்துல அவன் ஒசத்தி, பேச்சுல ஒசத்தி, பொங்கலுக்குச் சீலை எடுத்துக் குடுக்கறதுல ஒசத்தி. அந்த ஸ்டியரிங் ஒண்ணுதான் என்னோடது. அதையும் புடுங்குனா நான் அங்க பந்திக்கு வர்ற ஒறம்பரை சனத்துல ஒருத்தன், அவ்வளவுதான்.

அப்ப இந்தச் சகலை எந்திரிச்சுச் சொல்றான், "வேண்டாங்க மாமா. மொறைன்னா பெரியவர் வண்டிதான். அண்ணன் ஓட்டுனாத்தான் அது மாப்பிள்ளை அழைப்பு." எல்லாரும் தலையாட்டிட்டாங்க. முடிஞ்சுது.

எவ்வளவு திமிர் பாருங்க. எம்பட மரியாதையை எனக்கே தானம் குடுக்கறான். நாலு பேரு முன்னாடி, போனாப் போகுதுன்னு தூக்கிப் போடறான். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல. சரிடா, வண்டி எம்பட வண்டிதான, அதுல உன் வண்டியை விட எச்சா வெளிச்சம் போட்டுக் காட்டலைன்னா நான் காயில் கட்டுறதையே விட்டுப்போடறேன்னு நெனச்சுக்கிட்டேன்.

கோயமுத்தூர்ல ஒரு கடைல விசாரிச்சேன். இருவத்திரண்டாயிரம் கேட்டாங்க. நான் அந்த வண்டியை வித்தாலே அதுக்கு மேல கொஞ்சந்தான் வரும். கம்முனு வந்து போன்ல தேடுனேன். எல்லாமே எல்.ஈ.டி. பட்டைதானுங்க, ரிமோட்டோட, எழுநூறு ரூவாய்க்கு ஒரு செட்டு. ரெண்டு செட்டா ஆர்டர் போட்டுவுட்டேன். பாட்டுச் சத்தத்துக்குத் தகுந்த மாதிரி ஆடுமாம் வேற. அவன் வண்டில அது கெடையாது. நான் விசாரிச்சுட்டேன்.

ஞாயித்துக்கெழமை காலைல உக்காந்தேன். டேஷ்போர்டு இடுக்கை நெம்பறதுக்குப் பிளாஸ்டிக்ல ஏதோ கரண்டி வேணும்னு வீடியோவுல சொன்னான். தங்கமணியோட தோசைத் திருப்பியை எடுத்துட்டு வந்தேன், அம்சமாப் போச்சு. பட்டைல பின்னாடி பசை இருக்குது, ஆனா நம்மூரு வெயிலுக்கு அந்தப் பசை நிக்குமுங்களா? ரெண்டு நாள்ல தொங்கிப் போகும். அதனால காயிலுக்கு ஊத்தற வார்னீஷை எடுத்து நெடுகப் பூசி, காயில் கட்டற நூலைப் போட்டு இறுக்கிக் கட்டிப்போட்டேன். பத்து எச்.பி. மோட்டாருக்குள்ள ஆட்டம் அசைவு இல்லாம நிக்கற கட்டு, காருக்குள்ள நிக்காதா? ஒரு மாசம் வண்டிக்குள்ள வார்னீஷ் வாசம் அடிச்சுது. தங்கமணி முந்தானையை மூக்குல வெச்சுக்கிட்டுத்தான் உக்காருவா. எனக்கு அது தொழில் வாசம், ஒண்ணும் தெரியல.

ஒயரு குடுக்கறதுலதான் எல்லாரும் என்னைக் குத்தம் சொல்லுவாங்க, நீங்களும் சொல்லுவீங்க. அந்தச் செட்டுல சிகரெட் பத்த வெக்கற ஓட்டைல சொருகற மாதிரி ஒரு பிளக்கு குடுத்திருந்தான். அதைச் சொருகுனா வெளிய துருத்திக்கிட்டு நிக்கும், எழுநூறு ரூவாச் சரக்குன்னு பாக்கறவனுக்கெல்லாம் தெரிஞ்சு போகும். கம்பெனிலயே வந்த மாதிரி இருக்க வேண்டாமா? பிளக்கை வெட்டி எறிஞ்சேன். சாவி போட்டா மட்டும் கரண்டு வர்ற ஒயர்ல குடுக்கோணும்னு காகிதத்துல படம் போட்டிருந்துச்சு. நான் படிச்சனுங்க, படிக்காம இல்லை. ஆனா சாவி போட்டாத்தான் எரியும்னா, வண்டி சும்மா நிக்கறப்ப எவன் பாக்கறது? சாவியே இல்லாம எரிஞ்சா இன்னும் விசேசந்தானுங்களே? நேரா பேட்டரில குடுத்துட்டேன். நானூத்தி நாப்பது வோல்ட்டுல வெறுங்கையோட வேலை பாக்கறவன் நான். பன்னெண்டு வோல்ட்டெல்லாம் எனக்கு ஒரு கரண்டாங்க?

எரிஞ்சுது பாருங்க. என்னத்தைச் சொல்ல. மித்ரா கதவைத் தொறந்து தொறந்து மூடுனா. தங்கமணி வந்து எட்டிப் பாத்துட்டு, "நல்லாத்தான் இருக்குது. சாந்தா வண்டில கோடு மாதிரி ஓடும், இதுல புள்ளி புள்ளியாத் தெரியுது"ன்னா. நல்லாத்தான் இருக்குதுன்னு சொன்னாளே, அதை மட்டும் புடிச்சுக்கிட்டேன்.

மாப்பிள்ளை அழைப்பன்னைக்குக் காலைல பதினொரு மணிக்கே வண்டியை மண்டபத்துல கொண்டு போய் நிறுத்திட்டேன். பகல்ல வெளிச்சம் எடுபடாதில்லீங்களா, அதனால பந்தலுக்குள்ள ஓரமா நிறுத்தி, கண்ணாடிக்கெல்லாம் பேப்பரை ஒட்டி, பாட்டைப் போட்டுவுட்டேன். ஒறம்பரைகளை ரெண்டு ரெண்டு பேரா உள்ள உக்கார வெச்சுக் கதவைச் சாத்துவேன். உள்ள பாட்டுக்கு லைட்டு ஆடும், வெளிய நான் நிப்பேன். வேர்த்து ஊத்தும் உள்ள இருக்கறவங்களுக்கு, ஆனா எறங்கறப்ப, "சிகாமணி, பரவால்லயே"ன்னு சொல்லாம ஒருத்தரும் போகல. பந்திக்குக் கூட நான் போகலைங்க. எங்க மாமனாரே வந்து உக்காந்து பாத்தாரு. எறங்கி என் தோளைத் தட்டுனாரு. அந்தத் தட்டுக்காக இன்னும் நாலு வண்டிக்குக் கூட லைட்டுப் போட்டிருப்பேன்.

மூணு மணிக்குச் சகலை வந்தான். உள்ள உக்காந்தான், பூரா சுத்திப் பாத்தான், நூல்கட்டைத் தடவிப் பாத்தான். "அண்ணா, பிரமாதமா இருக்குது. நீங்களே பண்ணதா? பேட்டரி மட்டும் பாத்துக்குங்க, ரொம்ப நேரமா எரியற மாதிரி இருக்குது"ன்னான். பாத்தீங்களா? வாய் பிரமாதம்ங்குது, வயிறு எரியுது. என் லைட்டை அணைக்கறதுக்கு அவனுக்கு ஒரு சாக்கு வேணும். "எனக்குப் பேட்டரியைப் பத்திச் சொல்றயா?"ன்னு சிரிச்சுக்கிட்டே சத்தத்தை இன்னும் ரெண்டு புள்ளி ஏத்திவுட்டேன்.

அஞ்சரைக்குக் கண்ணாடிப் பேப்பரையெல்லாம் கிழிச்சுட்டு வண்டியை எடுத்தேன். ரெண்டு தடவை இழுத்துட்டுத்தான் ஸ்டார்ட் ஆச்சு. பழைய வண்டி, அப்படித்தான் இழுக்கும்னு நெனச்சேன். பிள்ளையார் கோயிலு அரைக் கிலோமீட்டரு கூட இருக்காது. அங்க போய் அணைச்சேன், அணைச்சது வண்டியை மட்டும். மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வர லேட்டு, பூசை லேட்டு, ஒரு மணி நேரம் லைட்டும் பாட்டும் அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்குது. கோயிலுக்கு வந்த சனமெல்லாம் சாமியைக் கும்புட்டுட்டு என் வண்டியை ஒரு சுத்து சுத்திட்டுத்தான் போகுது.

நவீனு மாலையைப் போட்டுட்டு வந்து பின்சீட்டுல உக்காந்தான். நாதசுரம் ஆரம்பிச்சாச்சு. வீடியோக்காரன் முன்னாடி லைட்டைப் புடிச்சுட்டுப் பின்பக்கமாவே நடக்கறான். எல்லாரும் என்னையத்தான் பாக்கறாங்க. நான் சாவியைத் திருப்பறேன். டக்குன்னு ஒரு சத்தம். மறுக்காத் திருப்பறேன். டக்கு. மூணாவது தடவை அதுவும் இல்லை.

எனக்கு உசுரு போயிருச்சுங்க. கண்ணாடில பாக்கறேன், அறுவது பேரு நிக்கறாங்க. சகலை வண்டி பத்தடி தள்ளிப் பளபளன்னு நிக்குது. மாப்பிள்ளையை எறக்கி அதுல ஏத்தச் சொல்றதுக்கு எவனாச்சும் ஒருத்தன் வாயைத் தொறந்தாப் போதும், ஒரே நிமிசத்துல எல்லாம் முடிஞ்சுது. நீலமும் பச்சையும் செத்துப்போய் செவப்பு மட்டும் மங்கலா எரியுது. நவீன் மூஞ்சி செவசெவன்னு இருக்குது, பாவம், ஒண்ணும் புரியாம உக்காந்திருக்கான்.

யாரோ ஜன்னல்கிட்டக் குனிஞ்சாங்க. சகலைதான். சத்தமே வெளிய வராம, "நியூட்ரல்ல போடுங்கண்ணா. ஸ்டியரிங்கை மட்டும் புடிங்க"ன்னான். அடுத்த நொடி பின்னாடி போயிட்டான். "மாப்பிள்ளையை இன்னைக்கு நம்ம கையாலயே தள்ளிட்டுப் போறோம்ப்பா, எல்லாரும் வாங்க"ன்னு ஒரு கொரல் குடுத்தான். பையங்கெல்லாம் விசிலடிச்சுட்டு ஓடி வந்து வண்டில கையை வெச்சாங்க. மேளக்காரங்க நடக்கற வேகத்துக்கு வண்டி அப்படியே நகந்துச்சு. இஞ்சின் செத்துக் கெடக்குதுன்னு ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.

நடுவுல ஒரு மேடு வருமுங்க, பாலத்துக்கிட்ட. அங்க பையனுக பாதிப் பேரு ஆட்டம் போடப் போயிட்டானுக. சகலை மட்டும் தோளைக் குடுத்து நெம்பறான். நானும் சும்மா உக்காந்திருக்கல. இஞ்சின் ஓடலைன்னா ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கும், பிரேக்கு மிதிச்சா எறங்காது. மண்டபம் போறதுக்குள்ள என் ரெண்டு கையும் விட்டுப்போச்சு. அது வீடியோவுல வருதுங்களா? வராது. வீடியோவுல வர்றதெல்லாம் அவன்தான். புதுப் பட்டுச்சட்டை கக்கத்துல கிழிஞ்சு, மேலெல்லாம் வேர்த்து, சிரிச்சுக்கிட்டே தள்றான். வேணும்னே வீடியோக்காரன் இருக்கற பக்கமாப் பாத்துத்தான் தள்ளியிருப்பான்னு நான் சொல்றேன், தங்கமணி அடிக்க வர்றா.

மண்டப வாசல்ல ஆரத்தி எடுத்தாங்க. எங்க மாமனாரு நேரா வண்டிக்குப் பின்னாடி போனாரு. தோள்ல கெடந்த துண்டை எடுத்து அவன் மூஞ்சியைத் தொடச்சுவுட்டாரு. "எந்த ஊட்டு மருமகன்யா இப்படிப் பண்ணுவான்"னு கண்ணுல தண்ணியோட சொல்றாரு. நான் ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு உக்காந்து பாத்துட்டே இருந்தேன். பதினாறு வருசமா அந்தத் துண்டு ஒரு தடவை கூட என் மூஞ்சிப் பக்கம் வந்ததில்லைங்க. சொல்றதுக்கென்ன, அந்த எடத்துல எனக்கு வயிறு எரிஞ்சுதுதான். வேற எதுக்கும் எரியல, அந்தத் துண்டுக்குத்தான் எரிஞ்சுது.

சரி, சகலை பந்தில உக்காந்து விசயத்தைச் சொல்லப் போறான்னு பாத்தேன். சொல்லல. அடுத்த நாள் முகூர்த்தத்துல சொல்லுவான்னு பாத்தேன். சொல்லல. என் பேட்டரி செத்ததை இந்தப் பத்து மாசத்துல ஒருத்தர்கிட்டயும் அவன் சொல்லலைங்க. அவன் பொண்டாட்டிக்கே தெரியாது, தங்கமணிக்கும் தெரியாது. மறுநா விடியக்காலைல என் வண்டி சாவியைத் திருப்புன ஒடனே ஸ்டார்ட் ஆச்சு. எவனோ வந்து பேட்டரியை மாத்தி வெச்சிருக்கான். எவன்னு எனக்குத் தெரியாதா? சொல்லியிருந்தான்னா நானும் நாலு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பேன், சண்டையாச்சு, சமாதானமாச்சுன்னு போயிருக்கும். சொல்லாமயே வெச்சு என்னைக் கொல்றான். அதை விட ஒண்ணு கேளுங்க. போன மாசம் எங்க பங்காளி ஊட்டுக் கலியாணத்துல நல்லா ஓடற வண்டியை அணைச்சுப் போட்டுக் கையால தள்ளிட்டு வந்தாங்க. கனகசபாபதி பண்ண மாதிரி பண்ணோணும்னாங்க. பழக்கமாவே ஆக்கிப்போட்டாங்க.

நான் கலியாணம் முடிஞ்ச மொத வாரத்துலயே லைட்டையெல்லாம் புடுங்க உக்காந்துட்டேன். வார்னீஷ் புடிச்ச புடி விடல. பட்டையோட டேஷ்போர்டும் சேந்து வந்துச்சு, அதை மாட்டற காது ரெண்டு ஒடஞ்சு போச்சு. அப்படியே வெச்சிருக்கேன். இன்னைக்கு அவன் வண்டில எல்லாரையும் ஏத்திட்டுப் போனான். எனக்கும் முன்சீட்டைக் காலியாத்தான் வெச்சிருந்தான். எனக்குக் காரு ஒத்துக்காது, கொமட்டும்னு சொல்லிட்டுப் பஸ் ஏறிட்டேன். ஆமாங்க, பஸ்ஸுலயும் கொமட்டத்தான் செய்யுது.

இருங்க, போனு அடிக்குது. தங்கமணிதான்.

ம். சொல்லு. எங்கயா, இந்தா வந்துட்டோம், ஊர் எல்லை தாண்டியாச்சு. நீங்க வளைகாப்பு மண்டபத்துக்குப் போயிட்டீங்கல்ல? போகலையா? பஸ் ஸ்டாண்டுலயா? எதுக்கு அங்க நிக்கறீங்க, நேரமாச்சில்ல? என்னது? ஆரு சொன்னது? மறுக்காச் சொல்லு. சரி. சரி, வெய்யி.

கேட்டீங்களா? முக்கால் மணி நேரமா பஸ் ஸ்டாண்டுல வெயில்ல நிக்கறாங்களாம். பெரிய மருமகன் பஸ்ஸுலருந்து எறங்கி நடந்து வந்தாச் சம்பந்தி ஊட்டுல என்ன நெனப்பாங்கன்னு சகலை சொன்னானாம். அங்கருந்து வண்டியை நானே ஓட்டிட்டுப் போய் மண்டப வாசல்ல நிறுத்தோணுமாம். அவன் பின்னாடி, பிள்ளைகளோட பிள்ளையா உக்காந்துக்கறானாம்.

பாத்தீங்களா, அவன் என்னை விடவே மாட்டான்.

ஏனுங்க, நீங்க புது வண்டியெல்லாம் ஓட்டியிருக்கீங்களா? அவன் வண்டிக்குச் சாவியே கெடையாதுங்க, பட்டனை அமுக்குனாத்தான் ஸ்டார்ட் ஆகுமாம். கிளச்சை மிதிச்சுட்டு அமுக்கோணுமா, இல்லை பிரேக்கை மிதிச்சுட்டா? எல்லாரும் உக்காந்திருக்கறப்ப அவங்கிட்டக் கேக்க முடியாதுங்க. சித்தே வெவரமாச் சொல்லுங்க, ஸ்டாண்டு வந்துருச்சு.